விற்றுப்போன சிவப்பு வண்டி

நீலத்தை வாசல் பக்கம் தள்ளி, அது இருந்த இடத்துக்குக் கறுப்பைக் கொண்டுவந்து, சாம்பல் நிறத்தைச் சுவரோரமாகச் சற்றே திருப்பி நிறுத்திவிட்டு, ஷோரூம்காரர் தெருவில் இறங்கி நின்று பார்க்கிறார். திருப்தி இல்லை. மறுபடி உள்ளே வந்து கறுப்பின் முன்சக்கரத்தை மட்டும் இடப்பக்கம் ஒடிக்கிறார். மறுபடி தெரு. இப்போது பரவாயில்லை. நேற்றுப் பார்த்தவன் இன்றும் பார்த்தால், ஏதோ ஒன்று போயிருக்கிறது, ஏதோ ஒன்று வந்திருக்கிறது என்று நினைக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்பது.

உண்மையில் எதுவும் போகவும் இல்லை, வரவும் இல்லை. பரீட்சைக்குப் பிள்ளைகளை மாற்றி உட்கார வைப்பதுபோல அதே வண்டிகள்தான் காலைக்குக் காலை இடம் மாறுகின்றன. “ஓடாத கடையில எவன் கால் வைப்பான்? ஓடற மாதிரி இருந்தாத்தான் ஓடும்” என்பார். இதைச் சொல்லும்போது அவர் கேட்பவரைப் பார்ப்பதில்லை, கறுப்பின் டேங்கைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

இடம் மாற்றி முடிந்ததும் ஒவ்வொரு வண்டியாக ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓட விடுவார். பேட்டரி இறங்கக்கூடாது என்பது சொல்லிக்கொள்ளும் காரணம். அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும் என்பது சொல்லாத காரணம். புது மோட்டார் சைக்கிள் விற்கும் இந்த மனிதர் வீட்டிலிருந்து கடைக்கு பஸ்ஸில்தான் வருகிறார் என்பது இன்னொரு வேடிக்கை. சொந்தமாக வண்டி கிடையாது. கடை வண்டியில் ஒருநாளும் ஏறி உட்கார்ந்ததும் கிடையாது. “நான் உக்காந்துட்டா அது பழைய வண்டி. புதுசுன்னு சொல்லி எப்படி விப்பேன்?” என்று கேட்பார்.

அந்தக் கடைத்தெருவில் ஒரு காலத்தில் சனிக்கிழமை மாலை நடப்பதற்கே வழி இருக்காது. இப்போது போட்டோ ஸ்டூடியோ இழுத்து மூடிக்கிடக்கிறது. செருப்புக்கடை ஷட்டரில் வாடகைக்கு என்று எழுதிய தாள் வெயிலில் வெளுத்து, எழுத்தே போய்விட்டது. ரேடியோ ரிப்பேர் கடை இருந்த இடத்தில் பார்சல் கொடுக்கிறார்கள். போனில் பார்த்து வாங்கியதை எடுத்துக்கொண்டு போக வருகிறவர்கள், வேறெங்கோ வாங்கிய வண்டியை இவர் கடைக் கண்ணாடிக்கு முன்னால் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் ஷோரூம்காரர் கையை நீட்டிவிடுவார். “நாலாவது கடை.” சில நாட்களில் அவர் நாள் முழுவதும் பேசுவதே அந்த இரண்டு வார்த்தைதான்.

மிச்சம் இருப்பவர்கள் எதிரே தையல்காரர், பக்கத்தில் மருந்துக்கடை. தையல்காரர் பேச்சுக்காரர்தான். ஆனால் வாயில் எப்போதும் குண்டூசி.

ஊருக்கு வெளியே, பெரிய சாலையில், மாடிமேல் மாடியாகக் கண்ணாடி வைத்து, இவர் விற்கும் அதே கம்பெனி வண்டிகளுக்கு ஒரு ஷோரூம் திறந்திருக்கிறார்கள். அங்கே போனால் சோபாவில் உட்கார வைத்துக் குளிராகக் குடிக்கக் கொடுப்பார்களாம். அட்டையில் ஆளுயரச் சாவி செய்து கையில் கொடுத்துப் படம் எடுப்பார்களாம். “சாவி அவ்ளோ பெருசுன்னா பூட்டு எவ்ளோ பெருசா இருக்கும்?” என்று ஷோரூம்காரர் கேலி செய்வார். கேலிக்குச் சிரிக்க ஆள் இல்லாததால் அதே கேலியை எனக்குத் தெரிந்து பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் மனைவி இங்கே இல்லை. மகள் வீட்டில் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். சண்டை ஒன்றும் கிடையாது. தினமும் இருட்டும் நேரத்தில் போன் வரும். கடையை மூடிவிட்டு வாருங்கள், உங்களுக்கென்று ஒரு அறையே ஒழித்து வைத்திருக்கிறது, மாப்பிள்ளை தங்கமானவர் என்று மனைவி சொல்வார். மாப்பிள்ளை தங்கம்தான், இவரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒழித்துவைத்த அறைக்குப் போக இவருக்கு மனசில்லை. போன தடவை போயிருந்தபோது காலையில் எழுந்து குளித்து, சட்டையை மாட்டி, பேனாவைச் செருகிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். எங்கேயாவது கிளம்புகிறீர்களா என்று மாப்பிள்ளை மரியாதையாகக் கேட்டார். எங்கேயும் இல்லை. அந்த ஒரு கேள்வியை இவரால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. “டிவி ரிமோட்டுக்குக் கைநீட்டி நிக்கற வயசா எனக்கு?” என்பார்.

ஆகவே கடை இருக்க வேண்டும். கடை இருக்க, வாசலுக்கு மேலே கம்பெனியின் பெயர்ப்பலகை இருக்க வேண்டும்.

அந்தப் பலகைக்குத்தான் இந்த மாதத் தொடக்கத்தில் ஆபத்து வந்தது. கம்பெனியிலிருந்து வந்தவர் நல்ல பிள்ளை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த டீயை ஆற விட்டுவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“சார், இந்த மாசம் முடியறதுக்குள்ள ஒரே ஒரு வண்டி போகட்டும். நான் மேல பேசி இன்னொரு வருஷம் வாங்கித் தர்றேன். போகலன்னா போர்டைக் கழட்ட ஆள் வரும். என் கையில ஒண்ணும் இல்ல.”

தன் பெயரிலேயே ஒன்றை எழுதிக்கொள்ளலாமா என்று ஷோரூம்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். கடைக்காரர் வாங்குவது விற்பனையில் சேராது என்று வந்தவரும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். பிறகு இருவரும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அன்றிரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் கடை திறந்ததும், இடம் மாற்றி மாற்றி வைக்கும் வித்தையில் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். இருப்பதிலேயே அழகான வண்டி சிவப்பு. எப்போதும் கண்ணாடிக்கு நடுவில், பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நிறுத்தியதுபோல நிற்கும். அதை மெல்லத் தள்ளிக்கொண்டுபோய்ப் பின்னறையில் நிறுத்தித் துணி போட்டு மூடினார். நடுவில் இருந்த இடத்தைக் காலியாகவே விட்டார். “சுமாரானது போனா எவன் கண்ணுக்கும் படாது. நல்லது போனாத்தான் நம்புவாங்க” என்பது அவருடைய கணக்கு.

கணக்கு பலித்தது. பத்து மணிக்கே தையல்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுத் தெருவைத் தாண்டி வந்தார். சிவப்பு போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றார் இவர். யார் எடுத்தது? வெளியூர் ஆள். அடுத்தது எப்போது வரும்? அங்கேதான் ஷோரூம்காரருக்குக் கொஞ்சம் தலைகால் புரியாமல் போய்விட்டது. யாராவது அவரிடம் இப்படி அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டு எவ்வளவு நாளாகிறது! “அந்தக் கலருக்கு இப்ப அடிச்சுக்கறாங்க. வர்றதுக்கு நாளாகும்” என்று ஒரு போடு போட்டார்.

அன்று மாலை போனில் மனைவியிடமும் சிவப்பு போய்விட்டது என்றே சொன்னார். நல்லதாப் போச்சு, இனிமேல் நன்றாகத்தான் இருக்கும் என்று மனைவி சொன்ன குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத் திருப்பி வாங்க அவருக்கு மனசு வரவில்லை.

இதற்கிடையில் மருந்துக்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக்கொடுக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். முப்பது வயது இருக்கும். வீடு தூரம், அம்மாவோடு இருக்கிறாள். கடை முடிந்ததும் பஸ்ஸுக்காக ஷோரூம் கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்பாள். பஸ் நிற்கும் இடமே அதுதான். மழைக்கும் வெயிலுக்கும் இவர் கடைக் கூரைக்கடியில் ஒதுங்குகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் எவராவது உள்ளே திரும்பினால் முன்பெல்லாம் ஷோரூம்காரர் எழுந்து நிற்பார். திரும்பியவர் கண்ணாடியில் தலையைக் கோதிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். எழுந்து எழுந்து சலித்துப்போய், கண்ணாடி ஓரம் நிற்பவர்களை ஏறெடுத்துப் பார்ப்பதையே அவர் விட்டுவிட்டார். “பஸ்ஸுக்கு நிக்கறவங்கள நம்பி டீ வாங்கி வெக்கக் கூடாது” என்பார். ஆகவே அந்தப் பெண் மாதக்கணக்கில் நின்றும், அவள் எதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது அவருக்குத் தெரியாது.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு நண்பகலில் வாசலில் ஒரு சத்தம் கேட்டது. எந்த வண்டியின் சத்தம் என்பது அவருக்குக் கேட்டவுடன் தெரியும். ஒரு கணம், பின்னறையில் இருப்பதுதான் தானாக ஓடத் தொடங்கிவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தார். பிறகு வெளியே வந்தார்.

மருந்துக்கடைப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கீழே அச்சு அசல் அதே சிவப்பு. சீட்டின் மேல் உறைகூடக் கிழிக்கவில்லை. டேங்கில் ஊருக்கு வெளியே இருக்கும் கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

“அண்ணா, உங்களுக்குத்தான் முதல்ல காட்டணும்னு வந்தேன்.”

“வாம்மா” என்றார் அவர்.

அவளுக்கோ பேச்சு கொட்டியது. தினமும் சாயங்காலம் கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டு நிற்பாளாம். வீட்டில் அம்மாவிடம் அதைப்பற்றி ஓயாமல் சொல்வாளாம். அம்மா ஒருவழியாகச் சம்மதித்த வாரம் ஆசையாக வந்து பார்த்தால், இடம் காலி. “அழுகையே வந்துடுச்சுண்ணா. யாரோ தட்டிட்டுப் போயிட்டாங்களேன்னு.”

“உள்ள வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா.”

“கேக்கத்தான் வந்தேன். நீங்க போன்ல இருந்தீங்க. எதிர்ல தையல்காரர்தான் சொன்னாரு, அது போயிடுச்சு, அடுத்தது வர நாளாகும்னு நீங்களே சொன்னீங்கன்னு. அம்மா மனசு மாறிடுவாங்களோன்னு பயம். அதான் அங்க போய் எடுத்துட்டேன்.”

ஷோரூம்காரர் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பார்ப்பவர்கள் அவர் வண்டியைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவருக்கு எதுவும் கண்ணில் படவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? போன வண்டி திரும்பாது, கழற்றப்போகும் பலகை நிற்காது. இவ்வளவு பூரிப்போடு வந்து நிற்கும் பெண்ணின் முகத்தையும் ஏன் கெடுக்க வேண்டும்?

“நம்ம கடை வண்டிய எடுத்தாரே, அவரு நல்லா ஓட்டறாராண்ணா?” என்று அவள் கேட்டாள்.

“எங்கம்மா ஓட்டறாரு. துணியப் போட்டு மூடி வெச்சிருக்காரு. வெளியிலயே எடுக்கறதில்ல.”

“பாவம், அந்த வண்டி” என்றாள் அவள். உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

பிறகு சற்றுத் தயங்கி ஒரு உதவி கேட்டாள். அங்கே படம் எடுத்துக்கொண்டதும் கையில் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், பின்னால் வருவது எதுவும் இரண்டு கண்ணாடியிலும் சரியாகத் தெரியவில்லை, கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா என்றாள். ஷோரூம்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். வண்டியைத் தெருவைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, அவளை உட்காரச் சொன்னார். உள்ளே போய் ஸ்பேனரை எடுத்துவந்து இடப்பக்கத்துக் கண்ணாடியைச் சரிசெய்தார். அது சுலபமாக முடிந்தது. வலப்பக்கத்துக்கு வந்து, அவள் உயரத்துக்குக் குனிந்து, அவள் கண்ணுக்குத் தெரிவது என்ன என்று பார்த்தார்.

கண்ணாடியில் அவர் கடை தெரிந்தது. வாசல், அதற்குப் பின்னால் காலி இடம், அதற்கும் பின்னால் அவர் சாத்த மறந்த பின்னறைக் கதவு. துணி ஒருபக்கம் ஏறிப்போய், முன்சக்கரத்துக்கு மேலே சிவப்பு பளிச்சென்று தெரிந்தது.

கண்ணாடியைக் கொஞ்சம் வெளியே திருப்பிவிட்டால் போதும். எல்லாம் மறைந்துவிடும். ஆனால் பின்னால் வருவது தெரியாதபடி ஒரு கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை. “கொஞ்சம் இரும்மா, திரும்பாத, நேரா பாத்து உக்காந்திரு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஏறியிருந்த துணியைத் தரைவரை இழுத்துவிட்டார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளையும் போட்டார். வெளியே வந்து மறுபடி குனிந்து, எப்படி இருக்க வேண்டுமோ அப்படிக் கண்ணாடியை நிறுத்தினார்.

“இப்ப பாரும்மா. என்ன தெரியுது?”

“கடை தெரியுதுண்ணா. யாரும் இல்ல.”

கண்ணாடி நகர்ந்துவிடாதபடி அவர் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்பேனரைத் திருப்பி இறுக்கினார்.