கத்தியது யார் என்று கேட்கிறார்கள்

எங்கள் தீவில் காலை ஏழே முக்கால் ஃபெரியில் இப்போது யாரும் கடலைப் பார்ப்பதில்லை. பாம்பூஃப்ளாட்டில் ஏறி சாத்தமில் இறங்குவதற்குள் கிடைக்கும் கால் மணி நேரத்தில் முன்பெல்லாம் சிலர் தூங்குவார்கள், சிலர் ஊர்வம்பு பேசுவார்கள். இந்தப் பத்து நாட்களாக எல்லாரும் ஏதாவது ஒரு கைபேசியைச் சுற்றி நின்று காதைக் கொடுக்கிறார்கள். வட இந்தியாவில் ஒரு நதிக்கரைத் திருவிழாவில் நெரிசலில் சிக்கிப் பலர் செத்துப்போனார்கள் அல்லவா, அது தொடங்கிய நேரத்தில் யாரோ எடுத்த வீடியோ அது. படம் ஆடி ஆடி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பெண் குரல் மட்டும் தெளிவாக இந்தியில் கத்தும். "பானி ஆ கயா! ஊபர் பாகோ!" தண்ணீர் வந்துவிட்டது, மேலே ஓடுங்கள் என்று. அன்று தண்ணீர் வரவில்லை. அவள் போட்ட சத்தத்தில்தான் கூட்டம் மிரண்டது என்று டிவியில் சொல்கிறார்கள். யார் அவள் என்று நாடே கேட்கிறது, எங்கள் ஃபெரியும் கேட்கிறது. ஆபீஸுக்குப் போகும் நான் அவர்களுக்கு இரண்டடி தள்ளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கத்தியது நான்தான்.

ஃபெரியில் தீர்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. மீன் வியாபாரம் செய்யும் தெலுங்கர் ஒருவர், கடலுக்கு அந்தப் பக்க மெயின்லேண்ட்காரர்களுக்கு வரிசை என்றால் என்னவென்றே தெரியாது என்றார். ஓய்வு பெற்ற நம்மூர் ஆள் ஒருவர், "அம்பது தாண்டுனா வீட்ல உக்காந்து சாமி கும்புட வேண்டியதுதான? அங்கபோயி ரீல்ஸ் எடுக்கணும், அதான் இப்ப பக்தி" என்றார். அங்கே சாகிறவர்களுக்கு நேரே மோட்சம், அழக்கூடாது என்று இன்னொருவர் சொன்னார். மறுநாள் அலை கொஞ்சம் பலமாக இருந்தபோது, லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று அவர்தான் படகில் கயிறு கட்டுகிற கலாசியிடம் இரண்டு தரம் கேட்டார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு ஒரு சின்னப் பெண், ஏதோ அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், "உஸ் அவுரத் கோ ஃபாசி தோ" என்றாள். அந்தப் பொம்பளையைத் தூக்கில் போடுங்கள் என்கிறாள். எல்லாரும் ஆமாம் என்றார்கள். தலையாட்டாமல் நின்றால் சந்தேகம் வருமோ என்று நானும் ஆட்டினேன்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள், சிவகங்கைப் பக்கத்துப் பெண் எதற்கு இந்தியில் கத்தினாள் என்று கேட்பீர்கள். கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு இந்தியில் ஒரு சொல்கூடத் தெரியாது. கணவருக்கு பாம்பூஃப்ளாட்டில் ஆணி, பெயிண்ட், பைப் விற்கும் கடை. வந்த எட்டாம் மாதம், சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, பூமி ஆடியது. ஆட்டம் நின்றபிறகு கடல் உள்வாங்கிக் கிடந்ததை வேடிக்கை பார்க்க ஜனங்களோடு நானும் கரையில் போய் நின்றேன். மீன்கள் சேற்றில் துள்ளிக்கொண்டிருந்தன. ஒரு பெண் என்னைப் பார்த்து எதையோ கத்தினாள். எனக்குப் புரியவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். அவள் திரும்பி ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்து, நான் விழ விழ, மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கீழே தண்ணீர் சாலையைத் தாண்டி வந்தது. அவள் யார், எந்த ஊர்க்காரி என்று கடைசிவரை தெரியவில்லை. அவள் கத்தியது என்னவென்று கணவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தியில் நான் முதலில் கற்றுக்கொண்ட முழு வாக்கியம் அதுதான். இந்தத் தீவில் சுனாமியைப் பார்த்தவர்களுக்கெல்லாம் அது மனதில் பதிந்துபோன பாடம். தண்ணீர் ஏறினால் யோசிக்காதே, கத்து, மேலே ஓடு.

அன்று படித்துறையில் நான் செய்ததும் அதுதான். எங்கள் பகுதியிலிருந்து ஒன்பது பேர் போயிருந்தோம். மற்ற எட்டுப் பேரும் குளித்துவிட்டு ஈரம் மாற்ற மேலே போய்விட்டார்கள், அதனால் தப்பினார்கள். நான் கடைசிப் படியில், முழங்கால் தண்ணீரில் நின்று, இன்னொரு முழுக்குப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இடுப்புக்குத் தண்ணீர் வந்தது. பெரிய படகு ஒன்று கரையை ஒட்டிப் போயிருந்தது, அது எழுப்பிய அலை. அது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் இடுப்பில் ஏறிய தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. மூன்று முறை கத்தினேன். கீழே நின்றவர்கள் மேலே பாய்ந்தார்கள், மேலே இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த படிகளில் என்ன நடந்தது என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. என் கால் தரையில் படவே இல்லை, கூட்டமே என்னைத் தூக்கிக்கொண்டுபோய் மேலே போட்டது. மூச்சு வந்தபிறகு பார்த்தால் ரவிக்கையின் ஒரு கை தோளோடு கிழிந்திருந்தது. யாரோ பிடித்திருக்கிறார்கள். நான் உதறியிருக்கிறேன்.

திரும்பி வந்த அன்றே பக்கத்து வீட்டு பௌதி வந்துவிட்டாள். வங்காளத்தில் அண்ணியை அப்படிக் கூப்பிடுவார்கள், எங்கள் தெருவுக்கே அவள் பௌதி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். வந்ததும் குனிந்து என் காலைத் தொடப் போனாள். புண்ணிய நதியில் குளித்து, அந்தச் சாவிலிருந்து தப்பி வந்த கால், தொட்டால் புண்ணியமாம். நான் சுடுதண்ணீர் பட்டவள்போலக் காலை இழுத்து நாற்காலிக்கு மேல் வைத்துக்கொண்டேன். அந்தக் கால் எதன்மேல் ஏறி வந்தது என்று எனக்கே தெரியாது. நதித் தண்ணீர் ஒரு சொட்டு கொடு என்று கேட்டாள். பாட்டில் தொலைந்துவிட்டது என்றேன். அதுவாவது உண்மை.

கணவரிடம் மூன்றாம் நாள் சொன்னேன். அவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். செருப்பில் பாதிக் கால் நுழைத்தபடி நின்றுவிட்டார்.

"அம்புட்டுக் கூட்டத்துல ஒன் சத்தம் யாருக்குக் கேக்கும்? ஒனக்கு முன்னாடி எத்தன பேரு கத்துனாகளோ. போட்டுக் கொழப்பிக்காத" என்றார்.

"வீடியோவுல இருக்குங்க. என் கொரலு எனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியல" என்று சொல்லி, என் கைபேசியை வாங்கி அந்த வீடியோவை அழித்துவிட்டுப் போனார். அன்று நான் ஆபீஸ் போகவில்லை. மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனபோது அவர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, கைபேசியைக் காதோடு வைத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் யாரோ கஸ்டமர் என்றார். அன்றிலிருந்து எனக்குப் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. வதந்தி கிளப்பியவர்களைத் தேடிப் பிடிப்போம் என்று செய்தியில் சொல்லும்போதெல்லாம் வாசலில் வண்டி நிற்கிறதா என்று பார்க்கிறேன். போலீஸ் வந்தால்கூட ஒரு முடிவு வரும். செத்தவர்களின் படங்கள் வரிசையாகப் போடும்போது அப்படி ஒரு முடிவு இல்லை. ஒவ்வொரு முகமாக நிறுத்தி, இவரா பிடித்தார், இவரா பிடித்தார் என்று பார்க்கிறேன். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஊரிலிருந்து தம்பி அழைத்தான். அவனும் அதே வீடியோவை எனக்கு அனுப்பியிருந்தான்.

"கேட்டியாக்கா? எவளோ வடக்கத்திக்காரி. நம்மாளுகளா இருந்தா இப்புடிப் பேய்க்கூச்சல் போடுவாகளா? நீ நல்லபடியா வந்து சேந்தியே, அது போதும். அம்மா ஒம்பேர்ல மொட்ட நேந்திருக்கு."

"ஆமாடா" என்றேன்.

சிவகங்கையில் அவள் இந்திக்காரி. ஃபெரியில் அவள் மெயின்லேண்ட்காரி. எங்கள் ஆளாக இருக்கமாட்டாள் என்பதில் இரண்டு பக்கமும் ஒற்றுமை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது, அந்த நிம்மதியை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது. ஊரைவிட்டு வராமல் இருந்திருந்தால் தமிழில்தான் கத்தியிருப்பேன். தண்ணி ஏறுது என்று நான் அலறியிருந்தால் அந்தக் கரையில் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். இருபது வருஷமாகக் கடையில், ஆபீஸில், மார்க்கெட்டில் பேசிப் பேசித் தேய்த்து நான் பழகிய மொழி. நல்ல இந்தி பேசுகிறாய் என்று எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள்.

ஆனால் பௌதி கெட்டிக்காரி. போன வாரம் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவள் மகன் உள்ளே அந்த வீடியோவை ஓடவிட்டான். அவள் பிழிந்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "யே தோ ஹம் லோக் கா போலி ஹை" என்றாள், இது நம் தீவுக்காரர்கள் பேசுகிற பேச்சாயிற்றே என்று. அப்புறம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். புடவையை உதறிக் கொடியில் போட்டு, இரண்டு ஓரத்துக்கும் கிளிப் மாட்டியபிறகுதான் பேசினாள். "தீதி, தோடா தின் ஃபெரி மே சுப் ரெஹனா." இங்கே வயது பார்க்காமல் எந்தப் பெண்ணையும் தீதி, அதாவது அக்கா, என்பார்கள்; அக்கா, கொஞ்ச நாளைக்கு ஃபெரியில் வாயைத் திறக்காதே என்கிறாள். உள்ளே போய் மகனை அதட்டினாள், சத்தம் நின்றது.

அவள் சொன்னபடியே இருந்துவருகிறேன். தெரிந்தவர்கள் கேட்டால் தொண்டை சரியில்லை என்று சைகை காட்டுகிறேன். நேற்றுக் காலை சாத்தமில் ஃபெரி அணையும் நேரம், என்றும்போல எல்லாரும் பலகை இறக்கும் முன்பே விளிம்பில் போய் நின்றார்கள். எனக்கு முன்னால் ஒருவர், வயது அறுபது இருக்கும், கைபேசியில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கரையில் கட்டுகிற தாம்புக்கயிறு அவர் காலுக்குக் கீழே வளையமாகக் கிடந்தது. கரையிலிருந்தவர்கள் கயிற்றை இழுக்க, வளையம் சுருங்கிக்கொண்டே வந்து அவர் கணுக்காலைச் சுற்றியது. நான் பார்த்தேன். என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன், காற்றுகூட வரவில்லை. கையை நீட்டலாம் என்றால் கம்பியைப் பிடித்த கை விடமாட்டேன் என்றது. நான் கத்தினால் இத்தனை பேரும் திரும்புவார்களே, ஓடுவார்களே, கேட்பார்களே.

கலாசி ஒருவன் பார்த்துவிட்டான். பாய்ந்து வந்து அவரைத் தோளோடு இழுத்துக் கீழே தள்ளினான். செருப்பு கயிற்றில் சிக்கிக்கொண்டு கடலில் விழுந்தது, முழங்காலில் தோல் உரிந்து இரத்தம். அவ்வளவோடு போயிற்று. சுற்றி நின்றவர்கள் வழக்கம்போல ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் மெல்ல எழுந்து, விழுந்த கைபேசியைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றதை அவர் கவனித்திருக்கிறார். முகத்தில் கோபமில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"தீதி, ஆப் தோ தேக் ரஹீ தீ. ஏக் ஆவாஸ் தோ தே தேதீ."

பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள், ஒரு குரல் கொடுத்திருக்கக்கூடாதா என்கிறார். பலகை இறங்கிவிட்டது, பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். அவர் நகரவில்லை, பதிலுக்காக நிற்கிறார். பதில் என்னிடம் இருந்தது. தமிழில் சொன்னால் அவருக்குப் புரியாது. இந்தியில் சொன்னால் புரிந்துவிடும்.