அத்தானின் பல்செட்டில் குடியிருந்தவர்கள்

போன மாதம் ஒரு காலை, விருதுநகரில் அக்கா வீட்டுக்காரரின் வத்தல் மண்டியில் உட்கார்ந்திருந்தேன். ஆமத்தூரிலிருந்து ஒரு சம்சாரி, தன் காட்டில் விளைந்த வத்தலை மூட்டை கட்டிக் கொண்டு வந்திருந்தார். அத்தான் வழக்கம்போல ஒரு மிளகாய் வத்தலை எடுத்தார், ஒடித்தார், முகர்ந்தார், நுனியைக் கடித்தார்.

அவ்வளவுதான்! கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர்.

"யாத்தாடி... என்னா காரம்!"

சம்சாரி முழித்தார். "அண்ணாச்சி, இது காரமே இல்லாத ரகம்ல? கலருக்குன்னுதான இத வாங்குவாக?"

மண்டியே சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை.

அத்தானின் நாக்கு சாதாரண நாக்கு இல்லை. எந்த வத்தல் எம்புட்டுக் காரம் என்று அது சொல்லிவிட்டால் பஜாரில் மறுபேச்சு கிடையாது. அந்த நாக்கு நாலு மாதமாக எல்லா வத்தலுக்கும் 'காரம்' என்றே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தது. "அவர்ட்ட வெள்ளரிக்காயக் கொடுங்க, அதுவும் காரம்பாரு" என்று ஊர் கேலி பேச ஆரம்பித்துவிட்டது. வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து மண்டிக்கு நகர்ந்தார்கள். நாக்கின் மேலிருந்த நம்பிக்கை போய்விட்டால், அப்புறம் அத்தானுக்கு அந்த நாற்காலியில் என்ன வேலை?

என்னை உள்ளறைக்கு இழுத்துப்போனார். "மாப்ளே, வாயெல்லாம் தீயா எரியுது. அக்காட்ட சொல்லிராத" என்று மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றிக் காட்டினார். அண்ணம் முழுக்கச் செக்கச்செவேல். பல்செட்டின் உட்புறம் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தீபாவளி முடிந்ததும் சிவகாசியில் கட்டிய செட். மாட்டிய சில நாளிலேயே எரிச்சல். டாக்டரிடம் போனாரா? அதுதான் இல்லை! எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு மெடிக்கல் ஷாப் கல்லாவில் இருப்பவர்தானே டாக்டர்? பூஞ்சைக்கு என்று ஒரு சொட்டு மருந்து வாங்கியிருக்கிறார். எப்படி ஊற்றினார் தெரியுமா? பல்செட்டைக் கழற்றாமலே! மூன்றாம் நாள் எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் பாட்டிலை மூடி பீரோவில் வைத்துவிட்டார்.

"ஏன் அத்தான் நிறுத்தினீக?"

"மிச்சம் இருந்தா அடுத்த வாட்டிக்கு ஆகும்ல மாப்ளே."

ஆச்சு... அடுத்த வாட்டியும் வந்தது, அதற்கடுத்த வாட்டியும் வந்தது. பிறகு மாத்திரை. அதிலும் பாதிதான் விழுங்கினார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. அன்றைக்கே மதுரைக்குக் கிளப்பிக்கொண்டு போனேன்.

டாக்டர் பல்செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூஞ்சை பிளாஸ்டிக்ல ஒட்டிக்கிட்டு, தன்னைச் சுத்தி கோந்து மாதிரி ஒரு படலம் கட்டிக்கிடும். பயோஃபிலிம்னு சொல்லுவோம். நீங்க ஊத்துற மருந்து மேலாப்புல ஓடிப்போகும், உள்ள இருக்கிறது பிழைச்சுக்கும். அரைகுறையா கொடுத்துக் கொடுத்து பூஞ்சையை மருந்துக்கே பழக்கியும் விட்டுட்டீங்க. சரி, ராத்திரி இதைக் கழட்டி வைக்கிறீங்களா?"

அத்தான் மின்விசிறியைப் பார்த்தார். "கல்யாணமாகி முப்பது வருசமாச்சு சார். பொக்க வாயோட அவ முன்னால படுக்கச் சொல்லுதீகளா?"

வத்தல் மண்டிக்காரர் என்று முன்பே கேட்டு வைத்திருந்த டாக்டர் சிரிக்கவில்லை. "பூசணம் பிடிச்ச சாக்குல நல்ல வத்தலைக் கொட்டுவீங்களா அண்ணாச்சி?"

"கொட்டுவனா? சாக்கத் தூக்கித் தூர எறிஞ்சிருவேன்ல!" என்று வேகமாகச் சொன்ன அத்தான், டாக்டர் கையிலிருந்த பல்செட்டைப் பார்த்தார். ஈரச் சாக்கோடு வருகிற சம்சாரிகளை ரோட்டில் நிற்க வைத்துத் திட்டுகிற மனிதர் அவர்.

அவரை மட்டும் சொல்லி என்ன? இருக்கன்குடி மாரியம்மனுக்கு விரதம் என்றால் ஒருநாள் குறையாமல் இருப்போம். டாக்டர் பதினாலு நாள் மருந்து என்றால் நாலாம் நாளே நமக்கு நாமே டிஸ்சார்ஜ் கொடுத்துக்கொள்வோம். ஆத்தாளிடம் இருக்கிற பயம் பூஞ்சையிடம் இல்லை... அதுவும் நம்மைப் பார்த்துப் பயப்படுவதை நிறுத்திவிட்டது.

பழைய செட்டைக் குப்பையில் போட்டார்கள். மருந்து ஒருநாள் விடாமல் உள்ளே போனது. அண்ணம் ஆறியபின் புது செட் வந்தது. இரவில் அது தண்ணீர் டம்ளரில் தூங்குகிறது. இந்த வாரம் மண்டிக்குப் போயிருந்தேன். அத்தான் ஒரு வத்தலைக் கடித்தார், நிதானமாக மென்றார். "காரம் பத்தாது. கலருக்குப் போடு" என்றார். வாங்க வந்தவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். எனக்கு என்னவோ கண் கலங்கிவிட்டது. நான் வத்தலே கடிக்கவில்லை!

மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. பரிமாறிக்கொண்டிருந்தவளை மெல்லச் சீண்டினேன். "ஏக்கா, அத்தானை மொதமொதப் பல்லில்லாமப் பாத்தப்ப சிரிச்சியா?"

"மொதமொதலா? போலே போக்கத்தவனே!" என்றாள் அக்கா. "சிவகாசில மாட்டிட்டு வந்த அன்னைக்கே, குறட்டை விட்டதுல செட்டு பாதி வெளிய வந்து தொங்குச்சு. முழிச்சா மனுசன் வெக்கப்படுவாகளேன்னு, நாந்தான் நெதமும் மெதுவா உள்ள தள்ளிவிட்டேன்."

ஆக, நாலு மாதம் புருசனும் பொண்டாட்டியுமாகச் சேர்ந்து அந்தப் பூஞ்சையை வளர்த்திருக்கிறார்கள். பெற்ற பிள்ளைகளைக்கூட இருவரும் இவ்வளவு ஒற்றுமையாக வளர்த்ததில்லை!