ஜில்லா எல்லையில் நின்ற அம்புக்குறி

மருந்து வண்டியில் உதவிக்குப் போகிறவளுக்கு மலை ஏறுவது கஷ்டமில்லை. போய்ச் சேருவோமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். வழி தெரியாமல் அலைந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும், அதனால் சொல்கிறேன். ஜவ்வாது மலை ஊர்களுக்கு மாதம் ஒருமுறை எங்கள் வண்டி மாத்திரை கொண்டுபோகும். பழைய டிரைவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். புதிதாக வந்த இம்ரான் வாணியம்பாடிப் பிள்ளை, என் பெரிய மகன் வயசு. மலைப்பாதை தெரியாது. மலை மேலே மலருக்கோ மாத்திரை தீரப்போகிறது. வலிப்பு வந்து அடுப்பில் விழுந்து கை வெந்துபோன பெண் அவள். ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் வழி காட்டுகிற ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்கச் சொன்னார்கள் ஆபீஸில்.

கடையில்

திருப்பத்தூர் கடையில் இம்ரானுக்குப் பிடித்தது வண்டிக் கண்ணாடியில் ஒட்டுகிற பெரிய திரை. எங்கள் வண்டியில் வருகிற நர்ஸ் செல்விக்குக் கையில் எடுத்துப்போகிற சின்னது வேண்டும். பாதி ஊருக்கு வண்டியை விட்டு இறங்கி நடக்கத்தானே வேண்டும்? இரண்டு பேரும் விடாமல் வாதாடினார்கள். நான் "முருகா, சீக்கிரம் முடிச்சு வை" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பெரியதை வெயிலில் எடுத்துப்போய்ப் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது. சின்னதில் வெயிலிலும் எழுத்து தெரிந்தது, மழை பட்டாலும் கெடாதாம். அதையே வாங்கினோம். கடைக்காரர் பெரியதை டப்பாவில் திருப்பி வைத்தபடி சொன்னார்: "மூஞ்சி பாத்து கருவி வாங்குன மொத ஆளு நீங்கதாம்மா."

மேப் ஏற்றிய கதை

கருவியோடு வந்த மேப்பில் எங்கள் மலை வெறும் பச்சைத் திட்டு, ஒரு ஊர்கூட இல்லை. சந்து பொந்தெல்லாம் காட்டுகிற மேப்பைத் தனியாக ஏற்ற வேண்டுமாம். மலையில் சிக்னல் கிடையாது, கீழேயே வேலையை முடிக்க வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தோம். எந்த ஜில்லா என்று கேட்டது. திருப்பத்தூர் என்று ஒரே குரலில் சொன்னோம். நெட் நத்தையாக ஊர்ந்தது. எல்லாம் ஏறி முடிந்ததும் கருவிக்குக் குங்குமம் வைத்தேன். இம்ரான் தலையில் கைவைத்தான்: "பொட்ட ஸ்கிரீன்ல வெச்சிட்டீங்களேம்மா, ரோடு எங்க தெரியும்?"

வெள்ளைத் திரை

காவலூர் தாண்டியும் அம்புக்குறி சமர்த்தாக வந்தது. அப்புறம் ஒரு வளைவில் ரோடே மறைந்து, வெள்ளைத் திரையில் அம்பு மட்டும் தனியாக நின்றது. செல்விக்குத்தான் முதலில் உறைத்தது. மலை ஒன்றுதான், ஆனால் மூன்று ஜில்லாவுக்குப் பங்கு போட்டிருக்கிறது. மலரின் ஊர் திருவண்ணாமலைக் கணக்கு, நாங்கள் ஏற்றியதோ திருப்பத்தூர் மேப் மட்டும். எதிரே மண்பாதை இரண்டாகப் பிரிந்தது. கேட்க ஆளில்லை, சாமை அறுப்புக்கு எல்லாரும் கொல்லைக்குப் போயிருந்தார்கள்; மலையில் வயலுக்கு அதுதான் பேர்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். இந்நேரம் மலருடைய கடைசி மாத்திரை முடிந்திருக்கும். "ஆரன் அடிப்பா" என்றேன். மலைக்காரர்கள் ஒரு கொல்லையிலிருந்து இன்னொரு கொல்லைக்குக் கூவித்தான் சேதி சொல்வார்கள். இம்ரான் விட்டு விட்டு அடித்தான். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு வலது பக்கச் சரிவிலிருந்து ஒரு கூவல், அதற்கும் மேலே இன்னொன்று. கூவல் வந்த பக்கமே வண்டியை விட்டோம்.

கொல்லை ஓரத்தில் மலர் நின்றிருந்தாள், நல்லபடியாக. பக்கத்தில் அவள் புருஷன். மாத்திரையை அவள் கையில் கொடுத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. "இன்னாம்மா இவ்ளோ லேட்டு?" என்றாள். "காலைலயே மாத்திர தீந்துபோச்சி. வலிப்பு வந்துடும்னு இவரு என்ன அடுப்பாண்டயே விடல, அவரே கட்டி கட்டியா களி கிண்டி வெச்சிட்டாரு. எல்லாரும் துன்னுட்டுத்தான் போவணும், அத நான் ஒருத்தியா துன்ன முடியாது."

இப்போது மூன்று ஜில்லா மேப்பும் கருவிக்குள் இருக்கிறது; என் வேண்டுதலில்தான் "முருகா, பேட்டரி தீராம பாத்துக்கோ" என்று ஒரு வரி கூடிப்போயிருக்கிறது.