அவளை ‘நீங்க’ என்று கூப்பிட்டவர்

அவரைத் தெருவில் எல்லோரும் சோபா மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய சோபாவின் துணியை உரித்து, தொய்ந்த பட்டைகளை மாற்றி, புது ஃபோம் வைத்துத் தைத்துக் கொடுப்பார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு அடிக்கிற பழக்கம் அவருக்கு, அதனால் பேச்சும் குறைவு. “வாயில ஆணி இருக்குற வரைக்கும் எங்க வீட்டுல சண்டையே கிடையாது” என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். அவள் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். இருவருக்கும் கல்யாணம் ஆனபோதே வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

கல்யாணமாகிச் சில மாதங்களில் ஒரு சாயங்காலம் அவள் வேலையிலிருந்து திரும்பினாள். பட்டறையில் பாதி உரித்த சோபா கிடந்தது, ஆளைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், துணி வெட்டுகிற மேசைக்கு அடியில் ஃபோம் துண்டுகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க, என்னத்த தேடுறீங்க?”

“அக்கா, கதவ சாத்திட்டாங்களா?”

அவள் விளையாட்டு என்றுதான் நினைத்தாள். அவர் கண்ணைப் பார்த்ததும் அது விளையாட்டில்லை என்று தெரிந்தது. தன்னை விடப் பெரிய மனிதர், ஏழெட்டு வயதுப் பையனைப் போல நடுங்கிக்கொண்டிருந்தார்.

“சாத்தலப்பா. திறந்துதான் இருக்கு, பாரு” என்று சொல்லிவிட்டு அவளும் தரையில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கழித்து அவர் தலையை நிமிர்த்தி, “நீ எப்ப வந்த?” என்று சாதாரணமாகக் கேட்டார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

மேசைக்கடியில் வந்த அந்தப் பையனுக்கு அவள் ‘சின்னவன்’ என்று பேர் வைத்தாள். மாஸ்டருக்குள் இன்னொருவரும் இருந்தார். வாடிக்கையாளர் ஒருவர் வேலை தாமதம் என்று வாசலில் நின்று கத்திய நாளில் அவரை முதலில் பார்த்தாள். மாஸ்டர் சுத்தியலைக் கீழே வைத்தார். “உங்க சோபாவ எடுத்துட்டுப் போங்க” என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, “நீங்க உள்ள போங்க” என்றார். வா, போ என்று பேசுகிற மனிதர் அவளை நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பேசுகிற மாதிரி இருந்தது. மறுநாள் காலையில், “அந்த சோபா எங்க போச்சு?” என்று மாஸ்டர் அவளிடமே கேட்டார்.

ஒரு டாக்டர் வலிப்பு என்றார். இன்னொருவர் குடிப்பாரா என்று விசாரித்தார். அவளுடைய அண்ணன், “நல்லா நடிக்கிறார் மாப்பிள்ளை. வேலைக்குப் பயந்து ஒரு வேஷம்” என்றான். அண்ணனிடம் அவள் கொஞ்ச காலம் பேசாமல் இருந்தாள்.

கடைசியில் போய்ச் சேர்ந்தது ஒரு மனநல டாக்டரம்மாவிடம். அந்த அம்மா அவசரப்படவில்லை. மாதக்கணக்கில் பேசிய பிறகுதான் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மாஸ்டரின் அப்பா செத்ததும் அவர் அம்மா வேறொருவரைக் கட்டிக்கொண்டாள். அந்த ஆள் பையனைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வான். அதற்குமேல் மாஸ்டர் மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

“சின்ன வயசுல தாங்கவே முடியாதது திரும்பத் திரும்ப நடந்தா, சில குழந்தைங்க அத ஒரே ஆளா சுமக்க மாட்டாங்கம்மா” என்றார் டாக்டரம்மா. “உள்ளுக்குள்ளயே பிரிச்சு வச்சுக்குவாங்க. ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாது. அப்படிப் பிரிச்சதாலதான் உங்க வீட்டுக்காரர் பிழைச்சு வந்திருக்கார்.”

“மத்தவங்கள எப்படி டாக்டர் போக வைக்கிறது?”

“போக வைக்காதீங்க. அவங்களும் அவர்தான். இந்த வீட்டுல பயமில்லன்னு அவங்களுக்குத் தெரியணும். நாளாகும்.”

அவள் மேசைக்கு அடியில் ஒரு போர்வையைப் போட்டு வைத்தாள். சின்னவன் வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, “இது நம்ம வீடு. அந்த ஆளு செத்துட்டான். நீ வளந்துட்ட” என்று சொல்வாள். அவன் ரோமம் அடர்ந்த தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். நம்பினானா என்று அவளுக்குத் தெரியாது.

நீங்க என்று கூப்பிடுகிறவர் அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். “நீங்களும் போயிடுவீங்க. போறதா இருந்தா சீக்கிரம் போங்க” என்பார். “டீ ஆறுது” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்ப்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மாஸ்டரின் அம்மா வந்து சேர்ந்தாள். கால் முடியாமல் போய்விட்டது, வேறு போக்கிடமும் இல்லை. “பெத்தவள எங்க கொண்டு விடுறது?” என்றார் மாஸ்டர். ஓரிரு நாளில் சின்னவன் வந்தான். அம்மாவின் நாற்காலி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் மடியில் தலை வைத்துக்கொண்டான். கிழவி தலையைத் தடவினாள். அன்றிலிருந்து மற்றவரும் தினமும் வர ஆரம்பித்தார். பட்டறையில் வேலை நின்றது. மாஸ்டர் தூக்கமில்லாமல் இளைத்துப் போனார்.

ஒரு மத்தியானம் கிழவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

“அத்தை, பின்னறையில நடந்தது அப்ப உங்களுக்குத் தெரியுமா?”

கிழவி மடிப்பதை நிறுத்தவில்லை. “பக்கத்து ரூம்தானே. கேக்கும். ரேடியோவ சத்தமா வச்சுக்குவேன்.” ஒரு சட்டையின் கையை நீவிவிட்டாள். “அந்த ஆளையும் விட்டா நான் எங்கம்மா போவேன்?”

 மருமகள் திரும்பினால், வாசற்படியில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க அத கேட்டிருக்க வேணாம்” என்றார்.

அவள் எழுந்து அவரைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனாள். படியில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“எனக்கு முதல்லருந்தே தெரியும்” என்றார் அவர். “அந்த ரேடியோ சத்தம் எங்கிட்டதான் இருக்கு. சின்னப் பையனுக்குத் தெரியக் கூடாது. அம்மாவுக்குக் கேக்கலன்னு நினைச்சுட்டிருக்கான். கேட்டா வந்துடும்னு நினைச்சுட்டிருக்கான்.”

இத்தனை வருஷம் தன்னை விரட்டிக்கொண்டே இருந்த மனிதர் எதைக் காத்துக்கொண்டிருந்தார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“இவ்வளவு நாளா இத தனியாவா வச்சிருந்தீங்க?”

அவர் குனிந்து தரையைப் பார்த்தார்.

“இனிமே எனக்கும் தெரியும். ரெண்டு பேரா வச்சுக்குவோம்.”

சின்னவன் அடிக்கடி அழுவான். மாஸ்டரும் எப்போதாவது அழுவார். இவர் அழுது அவள் பார்த்ததில்லை. அன்று முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சத்தமே வராமல் அழுதார். அவள் தொடவில்லை. தொடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார். ஆனால் எழுந்து போகவும் இல்லை.

டாக்டரம்மா சொன்னபடி கிழவியை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். ஊர் நாலு விதமாகப் பேசியது. ஒரு வருஷத்துக்குள் கிழவி செத்துப் போனாள். மகன் செய்ய வேண்டியதையெல்லாம் மாஸ்டர் செய்தார். வீட்டுக்கு வந்த பிறகு சின்னவன் வாரக்கணக்கில் மேசைக்கடியிலேயே கிடந்தான்.

“அக்கா, அம்மா எப்ப வரும்?”

“வர மாட்டாங்க கண்ணா.”

“நான் கூப்பிட்டது கேக்கலையா?”

அவளால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. பொய் சொல்லவும் மனசு வரவில்லை. அவனோடு சேர்ந்து அழுதாள்.

இப்போதும் மாஸ்டருக்குச் சில மத்தியானங்கள் காணாமல் போகின்றன. எல்லோரும் ஒருநாள் ஒன்றாகலாம், அல்லது ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டு அப்படியே வாழவும் செய்யலாம், இரண்டுமே குணமாவதுதான் என்கிறார் டாக்டரம்மா.

போன மாதம் ஒரு நாற்காலிக்கு உறை தைத்துக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்தினார்.

“அம்மாவுக்குக் கேட்டிருக்கு, இல்ல?” என்று கேட்டார்.

அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள். சின்னவன் இல்லை, மற்றவரும் இல்லை. மாஸ்டர்தான்.

“ஆமாங்க. கேட்டிருக்கு.”

“உனக்கு எப்ப தெரியும்?”

“கொஞ்ச நாளா.”

“நீதான் சொன்னியா எனக்கு?”

“இல்லங்க. நீங்களா இப்பதான் சொல்றீங்க.”

அவர் துணியில் ஓடியிருந்த தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கையப் பிடிச்சுக்கோ” என்றார். உறை கேட்டு வந்த பெண்ணை நாளைக்கு வரச் சொல்லி அவள் அனுப்பிவிட்டாள். அன்று பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை.