என் வீட்டுச் சாமிக்கு வேலை போச்சு

போன புதன்கிழமை காலை கோயில் வாசலில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி சட்டென்று என் வீட்டுக்காரர் காலில் விழுந்தார். "பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வரணும் சாமி" என்று வேண்டுதல் வேறு! வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பூவைப் பார்த்தேன்.

அவர் சாமியார் இல்லை. நூல் மில்லில் ஸ்டோர் கீப்பர். ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம் இருக்கையில் மில்லை இழுத்து மூடிவிட்டார்கள். ஐம்பத்தாறு வயதில் யார் வேலை தருவார்கள்? கேட்ட இடத்திலெல்லாம் காபி கொடுத்து அனுப்பினார்கள்.

ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரம் வந்தால் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. மலையைச் சுற்றிவிட்டு வருவார். ஷேவ் பண்ணுவதையும் நிறுத்திவிட்டார். வேறு ஊராக இருந்தால், 'பாவம், வேலை போன கவலை' என்பார்கள். திருவண்ணாமலையில்? தாடி, வேட்டி, தினமும் கிரிவலம்... இரண்டே மாதத்தில் சாமி ஆக்கிவிட்டார்கள்!

'எல்லாத்தையும் உதறிட்டு வந்தவராம்' என்று கிரிவலப் பாதையில் பேச்சு. அவரும் மறுக்கவில்லை. வேலை போனவன் என்பதைவிட வேலையை விட்டவன் என்பது கௌரவமாயிற்றே?

இந்த நிலையில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்த தொழிலாளிக்கு, கம்பெனி மூடி வேலை போனால் சில மாதம் படியாக ஒரு தொகை உண்டாம்.

"இந்த வயசுல கையேந்தணுமா?" என்றார்.

"உங்க சம்பளத்துல பிடிச்சதுதானேங்க" என்று பிடிவாதமாக நின்றேன். அந்தப் புதன்கிழமை கோயிலிலிருந்து நேராகக் காப்பீட்டு ஆபீஸுக்குத்தான் போனோம்.

கவுன்டரில் இருந்த இளைஞர் எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க சாமி! உங்கள மலை சுத்தற பாதையில பார்த்திருக்கேன்!"

மனுவை வாங்கியதும் அவர் முகம் மாறியது. "சாமி... தானா வேலையை விட்டவங்களுக்கு இந்தப் படி வராதுங்க. நீங்க வேணாம்னுதானே எல்லாத்தையும் விட்டுட்டு வந்தீங்க?"

பின்னால் வரிசை. அதில் இரண்டு பேர் ஏற்கெனவே கைகூப்பியிருந்தார்கள். நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சாமியெல்லாம் இல்லீங்க. மில்லை மூடிட்டாங்க, வேலை போயிடுச்சு. அஞ்சாறு எடத்துல கேட்டேன்... வயசு ஜாஸ்தின்னுட்டாங்க. வீட்டுல உக்கார முடியல, அதான் நடக்கறேன்."

குரல் கொஞ்சம் உடைந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அப்போ கெடைக்கும் சார், உக்காருங்க" என்றார் இளைஞர். ஒரே நிமிஷத்தில் சாமி, சார் ஆகிவிட்டார்!

கைகூப்பியவர்களில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எந்த மில்லு சார்? எங்க கம்பெனியும் மூடிட்டாங்க..." இருவரும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். எனக்குத்தான் கொட்டாவி.

திரும்பும் வழியில் சலூனுக்குப் போய் தாடியை எடுத்தார். உள்ளதைச் சொன்னதில் ஊர் கொடுத்த மரியாதை கொஞ்சம் குறைந்ததுதான். ஆனால் மிஞ்சியிருப்பது அவருடையது — அதற்காக அவர் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

வேலை போன நாளிலிருந்து என் சமையலில் ஒரு குறைகூட சொன்னதில்லை அவர். சொல்ல உரிமையில்லை என்று நினைத்தாரோ என்னவோ. அன்று ராத்திரி தோசையை ஒரு வாய் வைத்துவிட்டு, "சட்னியில உப்பு கம்மி" என்றார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. சந்தோஷமாக ஒரு சிட்டிகை போட்டேன்!