அப்பாவும் சாதாரணக் காற்றும்

இன்று காலை பத்து மணிக்குத் தி.நகரில் எனக்கு வினாடி வினாப் போட்டி. அடையாறு தாண்டுவதற்குள் எங்கள் காரின் முன் டயர் ஒன்றில் காற்று இறங்கிவிட்டது.

முதல் பெட்ரோல் பங்கில் நைட்ரஜன் இயந்திரம் பழுது. இரண்டாவதில் சாதாரணக் காற்று மட்டும்தான். நைட்ரஜன் அடித்த டயரில் அதைக் கலக்கவே கூடாது என்று டயர் கடையில் சொன்னது அப்பாவுக்கு வேதவாக்கு.

"மயிலாப்பூர்ல கிடைக்கும்மா. மெதுவா சுத்திக்கிட்டுப் போயிடலாம்" என்றார். அப்போதே மணி ஒன்பதரை.

"அப்பா, சாதாரணக் காத்துலயே நூத்துல எழுபத்தெட்டு பங்கு நைட்ரஜன்தான்!"

"மீதி இருபத்திரண்டு?"

பின்னால் காத்திருந்த ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "இன்னா சார், அந்த மீதியும் சேத்துதான நாம மூச்சு இழுத்துக்கினு கீறோம்? டயருக்கு மட்டும் ஒத்துக்காதா?"

காற்றுக் குழாயோடு நின்ற பங்க் அக்கா சிரித்துவிட்டார். அப்பாவும்தான். "சரி, அடிங்கம்மா."

போட்டிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டேன்.

ஆனால் பங்கை விட்டுக் கிளம்புமுன் அப்பா ஒரு காரியம் செய்தார். நைட்ரஜன் டயர் என்பதற்கு அடையாளமாக வால்வில் இருந்த பச்சை மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அக்காவிடம் சாதாரணக் காற்று டயருக்குப் போடும் கறுப்பு மூடி ஒன்றைக் கேட்டு வாங்கி மாட்டினார். "பொய் சொல்லக் கூடாதும்மா."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த டயரில் இப்போதும் பெரும்பங்கு நைட்ரஜன்தான். அப்படியென்றால் கறுப்பு மூடியும் பொய்தானே? நேர்மையான நிறம் எது என்று யாராவது சொல்லுங்கள், அப்பாவிடம் காட்ட வேண்டும்.