ஈ-ஃபோர்னா என்னங்ண்ணா?

போன செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே முக்கால் இருக்கும். பூங்கொடி போன் செய்தாள்.

பூங்கொடி என் சித்தி மகள். பல்லடம் பக்கத்தில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறாள். கம்பெனிக்காரர்கள் குஞ்சும் தீவனமும் தருவார்கள். நாற்பது நாள் வளர்த்து வைத்தால், லாரியோடு வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு அவள் கோழிகளுக்கு முப்பத்தாறாவது நாள். நன்றாகக் கொழுத்திருக்கும் சமயம். வெயிலோ... அதை ஏன் கேட்கிறீர்கள்? சிங்காநல்லூரில் என் வீட்டுக் குழாயைத் திறந்தால் காபி போடுகிற சூட்டில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

“அண்ணா, ஒரு அவசரமுங்க. ஷெட்டுக்குள்ள பொகையாட்டத் தண்ணி அடிக்குமல்லங்க, அந்த மோட்டாரு நின்னுபோச்சுங்க. பொட்டியில ஈ-ஃபோர்னு வருது. ஈ-ஃபோர்னா என்னங்ண்ணா?”

பெட்டி என்று அவள் சொன்னது சுவரில் மாட்டியிருக்கும் கன்ட்ரோல் பெட்டியை. சூட்டுக்குத் தகுந்த மாதிரி ஃபேனையும் தண்ணீர் மோட்டாரையும் அதுவே ஓட்டும். கோழிக்கு வியர்க்காது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கும், அப்புறம் சாய்ந்துவிடும். கொழுத்த கோழிதான் முதலில் சாயும்.

“ஃபேன் ஓடுதா?” என்றேன்.

“ஓடுதுங்க. ஆனா காத்தே அனலாட்ட வருதுங்ண்ணா. போன பேட்ச்சுலயே சீக்கு வந்து பாதி போயிருச்சு. இதும் போச்சுன்னா இனிமே குஞ்சே எறக்க மாட்டோம்னு கம்பெனி சூப்பர்வைசர் சொல்லிப்போட்டாருங்க.”

அவள் வீட்டுக்காரர் பொள்ளாச்சிக்குப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை. பெட்டி விற்ற கடைக்காரரின் நம்பர், பெட்டி மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்ததாம். வெயிலில் வெளுத்து, கடைசி நாலு எண்ணைக் காணோம்.

“நீங்கதான் நெட்டுல எதையும் கண்டுபுடிச்சிருவீங்களே. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்ண்ணா.”

இந்த இடத்தில் என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்ள வேண்டும். எங்கள் சொந்தபந்தத்தில் நான்தான் தேடிச் சொல்கிற ஆள். எந்த டாக்டர் எந்த ஊரில் இருக்கிறார், ஆதாரில் பெயர் மாற்ற என்ன காகிதம் வேண்டும், மிக்ஸியில் புகை வந்தால் என்ன செய்வது — எல்லாம் என்னிடம்தான் வரும். பத்து வருஷத்துக்கு முன்னால் அது ஒரு பெரிய வித்தையும் இல்லை. இரண்டு வார்த்தை தட்டினால் முதல் வரியிலேயே பதில் நிற்கும். நான் எடுத்துக் கொடுப்பேன். பேர் எனக்கு.

இப்போது? போன மாதம் உக்கடத்திலிருந்து பாலக்காட்டுக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று தேடினேன். பாலக்காட்டில் ஏசி ரூம் வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று கீழே போனேன். கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு மலிவான விமான டிக்கெட் என்றது. பாலக்காட்டில் எங்கே சாமி விமானம் இறங்குகிறது? கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு உக்கடத்துக்கே போய், கண்டக்டரைக் கேட்டுவிட்டு வந்தேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் நீங்கள் எதையும் தேடுவதில்லை என்று அர்த்தம். நிம்மதியாக இருங்கள்.

சரி, ஈ-ஃபோருக்கு வருகிறேன்.

தட்டினேன். முதல் நாலும் விளம்பரம். புது மோட்டார், புது பெட்டி, புது ஃபேன், எதற்கென்றே தெரியாமல் ஒரு ஏர்கூலர். அதற்குக் கீழே கட்டம் போட்டு, செயற்கை நுண்ணறிவு எனக்காகவே யோசித்து எழுதிய பதில்: ஈ-ஃபோர் என்றால் வாஷிங் மெஷினின் மூடி சரியாக மூடவில்லை.

கோழிப்பண்ணை என்று சேர்த்துத் தட்டினேன். கோழி குருமா வந்தது. மோட்டார் என்று சேர்த்தேன். ‘மோட்டார் என்பது என்ன? இன்றைய நவீன உலகில் மோட்டார்களின் பங்கு’ என்று ஒரு நீளமான கட்டுரை. படித்துக்கொண்டே போனால் தலைப்பில் இருக்கும் ஈ-ஃபோர் உள்ளே எங்கேயும் இல்லை. ஒரு வீடியோவைத் திறந்தேன். அந்தத் தம்பி வணக்கம் சொல்லி முடித்து, சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லி, பெல் பட்டனை அழுத்தச் சொல்லி... நான் போனையே தூக்கி எறிந்திருப்பேன், மறுமுனையில் பூங்கொடி இல்லாவிட்டால்.

கடைக்காரரைத் தேடலாம் என்று ஒரு தளத்துக்குள் போனேன். உன் நம்பரைக் கொடு, அப்புறம் அவர் நம்பரைத் தருகிறேன் என்றது. கொடுத்தேன். அவர் நம்பர் வரவில்லை. அடுத்த நிமிஷமே எனக்கு மூன்று பேர் போன் செய்தார்கள். பூங்கொடியை லைனில் காத்திருக்க வைத்துவிட்டு எடுத்துப் பேசினேன். “சார், பவுல்ட்ரி ஃபேன் என்கொயரி பண்ணியிருந்தீங்களா?” ஒருவருக்கும் ஈ-ஃபோர் தெரியவில்லை. எல்லோருக்கும் என் பட்ஜெட் தெரிய வேண்டியிருந்தது.

நடுவே பூங்கொடியிடம், “பக்கத்துல யாரையாச்சும் கேட்டுப் பாத்தியா கண்ணு?” என்றேன்.

“பக்கத்துல யாருங்ண்ணா இருக்காங்க?” என்றாள்.

இருக்கிறார்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் நல்லம்மாள் அக்காவின் பண்ணை. பூங்கொடி வீட்டுக்காரரின் பங்காளி மனைவி. பூங்கொடிக்கு ஓரகத்தி முறை. இந்த இரண்டு வீட்டுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம்? பூங்கொடி வீட்டுப் புதுமனை புகுவிழா. எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்குக் கூப்பிடுவது என்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நேரில் போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து, “எல்லாரும் வந்துருங்க” என்று வாயால் சொல்ல வேண்டும். பங்காளி வீடு என்றால் இன்னும் முறையாக. பூங்கொடியின் வீட்டுக்காரர் வேலை அவசரத்தில் நல்லம்மாள் அக்காவுக்குப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். வேலியோரம்தானே, அப்புறம் நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். போகவில்லை.

அக்கா வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்ட ஊர்க்காரர்களிடம், “பத்திரிக போனுக்குத்தான வந்துச்சுங்க? போனே போயிட்டு வரட்டும்னு உட்டுட்டேன்” என்றாராம்.

அன்றோடு சரி. ஆனால் பாருங்கள், பேச்சு நின்றாலும் போட்டி நிற்கவில்லை. பூங்கொடி பண்ணைக்குக் கன்ட்ரோல் பெட்டி வாங்கினாள். அடுத்த மாதமே அக்கா பண்ணையிலும் அதே பெட்டி. அதே கடை, அதே நிறம். இது பூங்கொடிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் அவள் வேலியைப் பார்க்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வம்பு எதற்கு என்று உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒரு பதில் கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில், நம்பர் போட்டு, மிகவும் நம்பிக்கையாக எழுதியிருந்தது. ஈ-ஃபோர் வந்தால் ரீசெட் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்கவும். எந்தப் பெட்டிக்கு? சொல்லவில்லை. யார் எழுதியது? தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தேகம்தான். ஆனால் இருபது நிமிஷமாக ஒருத்தி லைனில் காத்திருக்கிறாள். குடும்பத்தில் எனக்கென்று ஒரு பேர் வேறு இருக்கிறது.

“ரீசெட் பட்டனைப் பத்து செகண்டு அமுக்கிப் புடி கண்ணு” என்றேன்.

“அமுக்குனா ஒண்ணும் ஆகாதுங்களே?”

“நெட்டுலயே போட்டிருக்குது. தைரியமா அமுக்கு.”

அமுக்கினாள். பெட்டிக்குள் இருந்த செட்டிங் மொத்தமும் அழிந்துபோனது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஃபேனும் நின்றது.

“அண்ணா... ஃபேனும் நின்னுபோச்சுங்ண்ணா.” அவ்வளவுதான் கேட்டது. லைன் அறுந்தது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் தட்டினேன். ஃபேன் நின்றால் என்ன செய்வது? சீலிங் ஃபேனுக்குத் தள்ளுபடி என்று வந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது எனக்கு.

காரை எடுத்தேன். திருச்சி ரோட்டில் சூலூர் தாண்டுவதற்குள் இரண்டு முறை போன் அடித்தது. பூங்கொடியாக இருக்கும் என்று பதறிப்போய் ஓரம்கட்டி எடுத்தேன். “சார், பவுல்ட்ரி ஃபேன்...”

பண்ணைக்குள் நுழையும்போது ஒன்றரை மணி. ஃபேன் சத்தம் கேட்டது. ஷெட்டுக்குள் புகைபோல் தண்ணீர் தூவிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு தீவன வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் நல்லம்மாள் அக்கா உட்கார்ந்திருந்தார். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். கையில் ஸ்க்ரூடிரைவர்.

“வாங்க தம்பி. வெயில்ல வந்திருக்கறீங்க, தண்ணி குடிங்க மொதல்ல.”

“என்ன ஆச்சுங்க அக்கா?”

“என்னமோ ஆச்சு போங்க. தண்ணித் தொட்டிக்குள்ள பைப்பு வாயில பாசி அடைச்சிருந்துச்சு. தண்ணி ஏறலைன்னா ஈ-ஃபோர்னு காட்டும். போன கோடையில எனக்கு ரெண்டு வாட்டி வந்துச்சுங்க. எடுத்துக் கழுவிப்போட்டாச் சரியாப் போயிரும். அஞ்சு நிமிச வேலைங்க. ஆனா இங்க ஃபேனும் நின்னுகெடந்துச்சா, பொட்டிய வேற ஆரோ என்னமோ பண்ணி வெச்சிருக்காங்க. அதக் கழட்டி உட்டுப்போட்டு எல்லாத்துக்கும் டைரக்ட்டாக் கரண்டு குடுத்து ஓட்டியிருக்கறேன்.”

ஆரோ! நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்காவுக்கு அந்த ஆரோ யாரென்று தெரிந்திருக்கும். தெரிந்தும் கேட்கவில்லை. எங்கள் ஊர் மரியாதை சில சமயம் அடியைவிட வலிக்கும்.

பூங்கொடி வேலியைத் தாண்டி ஓடிய கதையையும் அக்காதான் சொன்னார். கம்பி கிழித்து அவள் முழங்கையில் ரத்தம். ‘அக்கா’ என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னாளாம். “மூணு வருசம் கழிச்சு நேர்ல வந்து கூப்புட்டா. வராம இருக்க முடியுமுங்களா?” என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

ஷெட்டின் பின்பக்கம் போனேன். சாக்கை விரித்து அதன்மேல் செத்த கோழிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நீளமான வரிசை. நான் எண்ணவில்லை. பூங்கொடி அதன் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தவரை ஒன்றும் விழவில்லையாம். அதற்குப் பிறகு விழுந்தவைதான் இத்தனையும்.

“என்னாலதான் கண்ணு” என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்களையக் குத்தம் சொல்லலீங்ண்ணா. நல்லதுக்குத்தான் சொன்னீங்க. ஆனா எனக்குத் தெரியல கண்ணுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா... நான் அப்பவே வேலியத் தாண்டியிருப்பேன்.”

மறுநாள் சூப்பர்வைசர் வந்து பார்த்திருக்கிறார். நல்லம்மாள் அக்காவே கூட நின்று பேசினாராம். அடுத்த பேட்ச் குஞ்சு இறக்குகிறோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் அரைமணி நேரம் ஃபேன் நின்றிருந்தால் ஒரு கோழி மிஞ்சியிருக்காது என்றும் சொன்னாராம். பூங்கொடி இதையெல்லாம் போனில் சொன்னாள். எப்போதும்போல மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் எதையும் தேடிச் சொல்லச் சொல்லவில்லை.

ஒரு வாரமாக அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தேடும் இயந்திரம் கெட்டுவிட்டது, எதைக் கேட்டாலும் எதையோ தருகிறது, தெரியாது என்று ஒரு நாளும் சொல்வதில்லை என்று இத்தனை நாள் புலம்பினேனே... நான் மட்டும் என்ன செய்தேன்? இத்தனை வருஷத்தில் யாரிடமாவது தெரியாது என்று சொல்லியிருக்கிறேனா? அதற்காவது விளம்பரம் போட்டால் காசு வருகிறது. எனக்கு எது வந்தது? பேர். அந்தப் பேருக்காக ஒருத்தியின் கோழிகளைச் சாகடித்தேன். அலுப்பாக இருக்கிறது. அதன்மேல் பாதி, என்மேல் பாதி.

நேற்றுக் காலை பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்ட் சுவரோரம் வந்து, “ஏனுங்க, எந்த இன்வெர்ட்டர் வாங்குனா நல்லாருக்கும்?” என்றார்.

“எனக்குத் தெரியலைங்க” என்றேன்.

என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “உடம்பு கிடம்பு சரியில்லைங்களா?”